கேள்வியின் கடைசிச் சொல் வரை: அமெரிக்க ட்ரிவியா ஆடுவது எப்படி

“பதவியேற்றபோது வயதில் மிக இளையவராக இருந்த அமெரிக்க அதிபர் யார்?” கேள்வி திரையில் வந்ததும் கென்னடியை அழுத்திவிட்டேன். இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. சிவப்புக் கட்டம் வந்தது. சரியான விடை தியோடர் ரூஸ்வெல்ட். 1901-இல் அதிபர் மெக்கின்லி சுட்டுக் கொல்லப்பட்டார். துணை அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் அந்த இடத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 42. கென்னடிக்கு 43. தேர்தலில் வென்று வந்தவர்களில்தான் கென்னடி இளையவர். பக்கத்தில் உட்கார்ந்து தன் ஃபோனில் ஆடிக்கொண்டிருந்த என் மகள், “தேர்தல்ல ஜெயிச்சவர்னு கேக்கவே இல்லையேம்மா” என்றாள். அவள் சரியாக அழுத்தியிருந்தாள்.

ஒஹையோவில் டேட்டன் பக்கம் குடியிருக்கிறோம். மூன்று வருடமாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் நானும் மகளும் ஒரு சுற்று ட்ரிவியா, அதாவது பொது அறிவு வினாடி வினா, ஆடுவது வழக்கம். வெள்ளிக்கிழமைகளில் நியூஜெர்சியிலிருந்து என் நாத்தனாரும் அவர் கணவரும் சேர்ந்துகொள்வார்கள். இங்கே பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு இந்த விளையாட்டில் முதல் சில வாரங்கள் கஷ்டம்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. ஆனாலும் பழகிக்கொள்ளலாம். நான் பழகிய வழியைச் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் ஆடும் விளையாட்டில் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். நாங்கள் ஆடுவதில் ஒரு சுற்றுக்கு 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 4 விடைகள், 15 விநாடிகள். உடனே சரியாக அழுத்தினால் 1000 புள்ளி. நேரம் போகப் போகக் குறைந்து, கடைசி விநாடியில் அழுத்தினால் 500. தப்புக்குப் பூஜ்யம், கழிப்பது கிடையாது. இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிதானமாகப் படிக்க மூன்று விநாடி எடுத்துக்கொண்டால் போவது 100 புள்ளிதான். அவசரப்பட்டுத் தப்பாக அழுத்தினால் ஆயிரமும் போச்சு. ஆகவே கேள்வியைக் கடைசிச் சொல் வரை படிப்பதுதான் லாபம். தப்புக்குக் கழிக்காத ஆட்டத்தில் எந்தக் கேள்வியையும் விடை அழுத்தாமல் விடவும் கூடாது. நான்கில் இரண்டை ஒதுக்க முடிந்தாலே பாதி வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது.

கேள்வி எழுதுபவர்கள் பொறி வைப்பது சின்னச் சொற்களில்தான். “முதல்”, “ஒரே”, “பிறந்த”, “தேர்ந்தெடுக்கப்பட்ட”, “அல்லாத” ஆகிய ஐந்தும் கண்ணில் பட்டால் ஒரு நொடி நில்லுங்கள். விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்ட், 1961. பூமியைச் சுற்றி வந்த முதல் அமெரிக்கர் ஜான் கிளென், 1962. கிளென் எங்கள் ஒஹையோக்காரர் என்பதால் இந்த ஊரில் பலர் முதல் கேள்விக்கும் அவர் பெயரையே அழுத்துவார்கள். அதிபர்கள் அதிகம் பிறந்த மாநிலம் எது என்றால் வர்ஜீனியா, 8 பேர். ஒஹையோவில் 7 பேர். எட்டாவதாக வில்லியம் ஹென்றி ஹாரிசனையும் ஒஹையோ உரிமை கொண்டாடுகிறது. அவர் இங்கே வாழ்ந்தவர், பிறந்தது வர்ஜீனியாவில். கேள்வியில் “பிறந்த” இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். ஜெரால்ட் ஃபோர்டு அதிபர் பதவிக்கோ துணை அதிபர் பதவிக்கோ தேர்தலில் வென்றவரே இல்லை, ஆனாலும் இரண்டிலும் இருந்தார். “ஒரே” என்று தொடங்கும் கேள்விகளில் அவர் அடிக்கடி வருவார்.

சுதந்திர தினத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ் விடுதலைக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2. பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றது ஜூலை 4. பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2. மூன்று தேதிக்கும் கேள்வி வரும், நான்கு விடைகளிலும் மூன்றும் உட்கார்ந்திருக்கும். கையெழுத்திட்டவர்கள் 56 பேர். அதில் ஜான் ஹான்காக்கின் கையெழுத்து அவ்வளவு பெரிது என்பதால் இன்றும் அமெரிக்கர்கள் கையெழுத்தையே “ஜான் ஹான்காக்” என்பார்கள்.

அடிமைமுறை பற்றிய கேள்விகளை மட்டும் நீங்கள் ஆற அமரப் படித்து வையுங்கள். மதிப்பெண்ணுக்காகச் சொல்லவில்லை. “அடிமைமுறை எப்போது ஒழிந்தது?” என்று கேட்டால் 1863 என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம், பிரிந்துபோய்ப் போரிட்டுக்கொண்டிருந்த மாநிலங்களுக்கு மட்டும்தான் பொருந்தியது. வடக்கோடு நின்ற கென்டக்கி, டெலவேர் போன்ற அடிமை மாநிலங்களை அது தொடவில்லை. டெக்சாஸின் கால்வெஸ்டனில் படைத் தளபதி வந்து நீங்கள் சுதந்திரமானவர்கள் என்று அறிவித்தது 1865 ஜூன் 19. பிரகடனம் வந்து இரண்டரை ஆண்டு கழித்து! அந்த நாள்தான் ஜூன்டீன்த், 2021 முதல் தேசிய விடுமுறை. நாடு முழுவதும் சட்டப்படி ஒழித்தது 13-ஆவது சட்டத்திருத்தம், 1865 டிசம்பர். அந்த ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையில்கூட டெலவேரிலும் கென்டக்கியிலும் சட்டம் மனிதர்களை அடிமையாக வைத்திருக்க அனுமதித்தது. இந்த மூன்று தேதிகளையும் மகளுக்கு விளக்கியபோது, “அப்ப லிங்கன் சொன்னப்புறமும் அவங்க வேலை செஞ்சுட்டே இருந்தாங்களாம்மா?” என்று கேட்டாள். அன்று அடுத்த சுற்று ஆடவில்லை, அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

தேதிகளை மொத்தமாக மனப்பாடம் செய்ய முயலாதீர்கள், ஒரு வாரத்தில் எல்லாம் கலந்துவிடும். எட்டு ஒன்பது ஆண்டுகளை ஆணி அடித்த மாதிரி பதிய வைத்துக்கொண்டு, மற்றதை அவற்றுக்கு முன், பின் என்று மாட்டி வையுங்கள். என் ஆணிகள் இவை: 1776 சுதந்திரம், 1787 அரசியல் சாசனம், 1803 லூசியானாவை பிரான்சிடமிருந்து வாங்கியது, 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர், 1920 பெண்களுக்கு வாக்குரிமை, 1929 பங்குச்சந்தை வீழ்ச்சி, 1941 பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் தாக்குதல், 1963 கென்னடி கொலை, 1969 நிலவு.

இவை எப்படி உதவும் என்று ஓர் உதாரணம். தேசிய கீதம் எந்தப் போரின்போது எழுதப்பட்டது என்று ஒரு கேள்வி. விடைகளில் சுதந்திரப் போர், 1812 போர், உள்நாட்டுப் போர், முதல் உலகப் போர். பாட்டில் கொடி வருகிறது, குண்டு வெடிக்கிறது, ஆகவே சுதந்திரப் போர் என்று கை போகும். ஆனால் அது 1812-இல் தொடங்கிய போர் நடந்துகொண்டிருந்தபோது, 1814-இல் பால்டிமோரின் மெக்கென்றி கோட்டையை ஆங்கிலேயர் குண்டு வீசித் தாக்கியதைக் கண்ணால் பார்த்து பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதியது. அதற்கு முந்தைய மாதம்தான் அவர்கள் வெள்ளை மாளிகையைக் கொளுத்தியிருந்தார்கள். சுதந்திரம் 1776 என்றால், அப்போது எரிக்க வெள்ளை மாளிகை ஏது? வாஷிங்டன் நகரம் தலைநகரானதே 1800-இல்தானே. இப்படி ஓர் ஆணியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தால் தெரியாத கேள்வியிலும் இரண்டு விடைகள் தானாக உதிர்ந்துவிடும்.

லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையின் தொடக்கம் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். நான்கு இருபதும் ஏழும் ஆண்டுகளுக்கு முன் என்று ஆரம்பிக்கிறார். நான்கு இருபது 80, ஏழு சேர்த்தால் 87. உரை நிகழ்ந்த ஆண்டிலிருந்து 87-ஐக் கழித்தால் 1776 வர வேண்டும். அப்படியானால் உரை 1863. இந்தக் கணக்கு தெரிந்த நாளிலிருந்து கெட்டிஸ்பர்க் ஆண்டு எனக்கு மறந்ததே இல்லை.

நாடாளுமன்றத்து எண்களும் கூட்டல் கழித்தலில் வந்துவிடும். பிரதிநிதிகள் சபை 435. மாநிலத்துக்கு இருவர் வீதம் செனட் 100. வாஷிங்டன் டி.சி.க்கு 3. ஆக மொத்தம், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகள் 538. பாதி 269, ஜெயிக்க அதற்கு மேல் ஒன்று: 270. ஒரு முறை போட்டுப் பார்த்தால் நான்கு கேள்விக்கு விடை கிடைத்த மாதிரி. சட்டத்திருத்தங்கள் மொத்தம் 27. அடிக்கடி கேட்பவை 13 (அடிமைமுறை ஒழிப்பு), 18 (மதுவிலக்கு), 19 (பெண்கள் வாக்குரிமை), 21 (மதுவிலக்கு ரத்து, 1933), 22 (அதிபர் பதவிக்கு இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது), 26 (18 வயதில் வாக்குரிமை, 1971). பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு முறை ஜெயித்தார் என்பது நினைவிருந்தால் 22 ஏன் வந்தது என்பதும் நினைவிருக்கும்.

மாநிலத் தலைநகரங்களுக்கு நான் கைக்கொள்ளும் விதி ஒன்று உண்டு: தெரியாவிட்டால், கேள்விப்பட்ட பெரிய ஊரை அழுத்தாதீர்கள். நியூயார்க் மாநிலத்துக்கு ஆல்பனி, கலிபோர்னியாவுக்கு சாக்ரமென்டோ, இல்லினாய்ஸுக்கு ஸ்பிரிங்ஃபீல்டு, புளோரிடாவுக்கு டல்லஹாசி, பென்சில்வேனியாவுக்கு ஹாரிஸ்பர்க், நெவாடாவுக்கு கார்சன் சிட்டி. பெரிய நகரமே தலைநகராக இருப்பவை சில உண்டு: பாஸ்டன், டென்வர், அட்லாண்டா, ஃபீனிக்ஸ். அந்த நான்கையும் தனியாக நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற இடங்களில் இந்த விதி பெரும்பாலும் கைகொடுக்கும்.

பணம் பற்றிய கேள்விகள் சுலபம், பர்ஸைத் திறந்தால் விடை. 1 டாலரில் வாஷிங்டன், 5-இல் லிங்கன், 10-இல் ஹாமில்டன், 20-இல் ஜாக்சன், 50-இல் கிரான்ட், 100-இல் பிராங்க்ளின். அபூர்வமாகக் கைக்கு வரும் 2 டாலரில் ஜெபர்சன். இவர்களில் ஹாமில்டனும் பிராங்க்ளினும் அதிபராக இருந்ததில்லை, கேள்வி வந்தால் அநேகமாக அதுதான்.

கலாச்சாரப் பகுதிதான் வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் கடினம். எந்த ஆண்டு எந்த நிகழ்ச்சி டிவியில் வந்தது, எந்த விளம்பர வாசகம் எந்த பிராண்டுடையது என்பதெல்லாம் சின்ன வயதில் சோபாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வருவது போல நமக்கு வராது. அதை விரட்டிப் பிடிக்க வேண்டாம். விளையாட்டையும் பண்டிகைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள், அவற்றில் கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். விடுமுறைகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: மார்ட்டின் லூதர் கிங் நாள் ஜனவரியின் மூன்றாவது திங்கள், நினைவு நாள் மே மாதக் கடைசித் திங்கள், தொழிலாளர் நாள் செப்டம்பரின் முதல் திங்கள், நன்றி நவிலும் நாள் நவம்பரின் நான்காவது வியாழன். பிப்ரவரி 2 அன்று பென்சில்வேனியாவில் ஒரு கிரவுண்ட்ஹாக் (அணில் குடும்பத்து விலங்கு) தன் நிழலைப் பார்க்கிறதா என்று நாடே காத்திருக்கும். நிழலைப் பார்த்துவிட்டால் குளிர்காலம் இன்னும் ஆறு வாரம். இது வருடா வருடம் கேட்கப்படும்.

விளையாட்டில் பேஸ்பாலிலிருந்து தொடங்குங்கள், வரலாறும் அதிலேயே இருக்கிறது. ஜாக்கி ராபின்சன் 1947-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆட இறங்கினார். அதுவரை பல பத்தாண்டுகளாகக் கறுப்பின வீரர்களுக்கு பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கின் கதவு மூடியே இருந்தது. அவர் சட்டை எண் 42. 1997-இல் எல்லா அணிகளும் அந்த எண்ணை ஓய்வு பெற வைத்துவிட்டன. ஒவ்வொரு ஏப்ரல் 15 அன்றும் எல்லா வீரர்களும் 42 போட்டுக்கொண்டு ஆடுவார்கள். அந்த நாளில் முதல் முறையாக டிவியில் ஆட்டம் பார்த்தபோது, மைதானத்தில் அத்தனை பேர் முதுகிலும் ஒரே எண்ணைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது. ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) ஒரு வீரர் மொத்தம் எத்தனை அடித்தார் என்ற கணக்கில் மூன்று எண்தான்: பேப் ரூத் 714, ஹாங்க் ஆரன் 755, பாரி பாண்ட்ஸ் 762. கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891, ஸ்பிரிங்ஃபீல்டு. இது மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு, இல்லினாய்ஸின் தலைநகர் அல்ல. விடைகளில் இரண்டு மாநிலமும் கொடுத்திருப்பார்கள்.

கார் நம்பர் பிளேட்டையும் கவனியுங்கள். எங்கள் ஒஹையோ பிளேட்டில் விமானம் பிறந்த இடம் என்று எழுதியிருக்கும். வட கரோலினா பிளேட்டில் பறப்பதில் முதல்வர்கள் என்றிருக்கும். இரண்டுமே ரைட் சகோதரர்களைத்தான் சொல்கின்றன. அவர்கள் விமானத்தை உருவாக்கியது டேட்டனில், சைக்கிள் கடை வைத்திருந்தபோது. அது முதலில் பறந்தது 1903 டிசம்பர் 17, வட கரோலினாவின் கிட்டி ஹாக் அருகில், கடற்கரை மணல்மேட்டில். நெடுஞ்சாலையில் போகும்போது நானும் மகளும் பிளேட்டைப் படித்து மாநிலப் பட்டப்பெயர் சொல்லிக்கொண்டே போவோம். தோட்ட மாநிலம் நியூஜெர்சி, சூரிய ஒளி மாநிலம் புளோரிடா, முதல் மாநிலம் டெலவேர். பாதி பட்டப்பெயர்களை நான் அப்படித்தான் கற்றேன்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு வேலை இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். தப்பான கேள்விகளில் ஒன்றே ஒன்றை எடுத்து அதன் கதையைத் தேடிப் படியுங்கள். எல்லாவற்றையும் படிக்க உட்கார்ந்தால் மூன்றாம் நாள் அலுத்துவிடும். ஒன்று போதும். பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்ட நான்கு அதிபர்கள் யார் என்ற கேள்வியில் லிங்கன், மெக்கின்லி, கென்னடி மூவரும் தெரிந்தது. நான்காமவரை விட்டேன். அவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு, எங்கள் ஒஹையோக்காரர். அன்றிரவு தேடினேன். 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். குண்டு உள்ளேயே தங்கிவிட்டது. மருத்துவர்கள் கழுவாத விரலை விட்டுத் துழாவினார்கள். தொலைபேசி கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் உலோகத்தைக் கண்டறியும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து குண்டைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. 79 நாள் சீழ் பிடித்துத் துன்பப்பட்டு செப்டம்பர் 19 அன்று இறந்தார். மென்டர் நகரில் அவர் வாழ்ந்த வீடு இன்று தேசிய வரலாற்றுத் தலம். கோடை விடுமுறையில் போய்ப் பார்த்தோம். கார்ஃபீல்டு இனி எனக்கு எந்தக் கேள்வியிலும் தப்பாது.

எங்கிருந்து படிப்பது என்று கேட்பவர்களுக்கு: குடியுரிமைத் தேர்வுக்கான கேள்வி, விடைப் பட்டியலைக் குடியுரிமைத் துறையே இலவசமாக வெளியிடுகிறது. வரலாற்றிலும் அரசாங்கத்திலும் அடித்தளத்துக்கு அதைவிட நல்லது வேறு எதையும் நான் பார்க்கவில்லை. விளையாடும்போது மட்டும் இன்னொரு விண்டோவில் தேடாதீர்கள். தேடிக் கண்ட விடை மறுநாள் நினைவில் இருப்பதில்லை, தப்பாக அழுத்திய கேள்வி மறப்பதில்லை.

கொஞ்சம் பழகியதும் நீங்களே ரூம் திறந்து கேள்வி போடுங்கள். எங்கள் வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் ஆளுக்கு ஐந்து கேள்வி. எழுதும்போது மூன்று விஷயம் பார்க்கிறோம். நாளை மாறக்கூடிய விடை இருக்கக் கூடாது: “இப்போதைய” என்று தொடங்கும் கேள்வியை நாங்கள் எடுப்பதில்லை. தப்பான மூன்று விடைகளும் நம்பும்படி இருக்க வேண்டும். தேதியை ஒன்றுக்கு இரண்டு இடத்தில் சரிபார்க்க வேண்டும்.

போன வாரம் மகள் போட்ட கடைசிக் கேள்வி: “டிசம்பர் 7 என்ற தேதியோடு தொடர்புடைய மாநிலங்கள் எவை?” விடைகள் ஹவாயும் அலாஸ்காவும், ஹவாயும் டெலவேரும், டெக்சாஸும் ஹவாயும், ஹவாயும் கலிபோர்னியாவும். பேர்ல் ஹார்பர் 1941 டிசம்பர் 7 என்பதால் ஹவாய் எல்லாருக்கும் தெரிந்தது. கூட எது என்பதில்தான் மாட்டிக்கொண்டோம். டைமர் ஓடுகிறது. நான் அலாஸ்காவை அழுத்தினேன், இரண்டும் 1959-இல் மாநிலமானவை என்ற நினைப்பில். நாத்தனார் மட்டும் டெலவேரை அழுத்தியிருந்தார். 1787 டிசம்பர் 7 அன்று அரசியல் சாசனத்தை முதலில் ஏற்ற மாநிலம் அது.

“எப்படி அண்ணி?” என்று கேட்டேன்.

“கல்யாணத்துக்கு முன்னாடி அஞ்சு வருஷம் அங்கதானே வேலை பார்த்தேன். அந்தக் கொடியில தேதியே எழுதியிருக்கும், தினமும் ஆபீஸ் வாசல்ல பார்ப்பேன்” என்றார்.

மகள் உடனே டெலவேர் கொடியைத் தேடி எடுத்து எங்கள் எல்லாருக்கும் அனுப்பினாள். நீலத் துணியில் மஞ்சள் சாய்சதுரம், அதன் கீழே அந்தத் தேதி.